கணினிக்குக் கால்நூல் அறுத்த வைபவம்

ஆல்த்தெரெக் கிராம அலுவலகத்துக் கணினி மீது யாருக்கும் எந்தப் புகாரும் இருந்ததில்லை. அதுதான் அது செய்த முதல் தப்பு. புகார் வராத பொருளை மாவட்டத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் திடீரென்று திரும்பிப் பார்த்துவிட்டால், இத்தனை நாள் பார்க்காததற்கும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள்.

கணினியைக் கட்டி மேய்த்தவர் இமான்குல். வயது ஐம்பத்து நான்கு. மேய்ச்சல் சீட்டு கொடுப்பது அவர் வேலை. வசந்தத்தில் எந்த மந்தை எந்த மலைப்புல்வெளிக்குப் போகிறது, எத்தனை தலை, யார் ஓட்டுகிறார் என்று கணினியில் ஏற்றி அச்சிட்டுத் தருவார். ஆற்றுப் பாலத்தில் தடுப்புக் கம்பத்தோடு நிற்கும் சாதிபால்தி சீட்டைப் பார்த்துக் கம்பத்தைத் தூக்குவார். மந்தை மேலே போகும். காலையில் கணினியின் இடது விலாவில் ஒரு தட்டு தட்டிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தால், இரண்டாவது கிண்ணம் முடிவதற்குள் திரை கண் விழித்துவிடும். பதின்மூன்று வருஷத்தில் அது ஒரு சீட்டைக்கூடத் தப்பாக அச்சிட்டதில்லை. தன் மேலதிகாரிகளில் யாரைப் பற்றியும் இமான்குல் இப்படிச் சொல்ல முடியாது.

ஏப்ரல் கடைசியில் ஒரு தாள் வந்தது. மாவட்டத்திலுள்ள எல்லாக் கணினிகளும் புதிய இயங்குதளத்துக்கு மாற்றப்பட வேண்டும். பழைய இயங்குதளத்தில் அச்சான எந்தச் சீட்டும் மே பத்துக்கு மேல் செல்லாது.

இமான்குல் சுவர் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினார். மே பதினைந்துக்கு முன்னால் கணவாயில் பனி உருகாது, எந்த மந்தையும் ஏற முடியாது. இருபதுக்குள் கஷ்கா-பெல் புல்வெளியில் போய்க் கூடாரம் அடிக்காவிட்டால், மலைக்கு அந்தப்பக்கத்து மாவட்டக்காரர்கள் இறங்கி வந்துவிடுவார்கள். போன வருஷம் இருபத்தொன்றாம் தேதி முகட்டில் குதிரையோடு வந்து நின்று, நம் மந்தைகளைப் பார்த்துவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பியவர்கள் அவர்கள். கீழேயோ புல்லை ஆடுகள் வேர்வரைக்கும் சுரண்டி முடித்துவிட்டன. குட்டி போட்ட தாய் ஆடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. கஷ்கா-பெல் கைவிட்டுப் போனால் ஆல்த்தெரெக்கில் இந்த வருஷம் மந்தை என்று ஒன்று மிஞ்சாது. இமான்குலின் முப்பத்தொரு ஆடுகளும் அவர் மனைவியின் அண்ணன் தோக்தோசுன் ஓட்டும் மந்தையில்தான் இருந்தன. ஆடு கிடக்கட்டும், மனைவி இருக்கிறாளே.

மே மூன்றாம் தேதி மாவட்ட எண்மய முன்னேற்ற ஆணையம் இரண்டு கார்களில் வந்து இறங்கியது. உறுப்பினர்கள் ஏழு பேர். தலைவர் தோல்கொன்பெக் ஷர்ஷேனோவிச், ஒரு காலத்தில் கூட்டுப்பண்ணைத் தலைவர். அடுத்தவர் முன்னாள் மல்யுத்த வீரர். இன்னொருவர் கலாசாரத் துறை. ஒருவர் தீயணைப்பு. மற்ற மூவரும் யாருக்கு மச்சான் என்பது மட்டும் தெரிந்தவர்கள். இவர்களோடு குல்பாரா என்ற நாற்பத்தைந்து வயதுப் பெண்மணியும் வந்திருந்தார். ஆணையத்தில் கணினியைத் திறந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான் என்பதால் அவருக்கு வாக்குரிமை கிடையாது. தொழில்நுட்பப் பணியாளர் என்று பெயர். கார் பின்சீட்டில் பெட்டிகளோடு பெட்டியாக உட்கார வைத்திருந்தார்கள்.

ஷர்ஷேனோவிச் கணினிக்கு முன்னால் நின்று கல்பாக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உரையாற்றினார்.

"பழைய இயங்குதளத்தில் என்ன குறை என்று சிலர் கேட்கிறார்கள். குறை கண்ணுக்குத் தெரியவில்லையே, அதுதான் குறை! புதிய இயங்குதளத்தில் குறைகள் எல்லாம் முதல் நாளிலேயே பளிச்சென்று தெரியும். இதற்குத்தான் வெளிப்படைத்தன்மை என்று பெயர். உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே ஓடுகிறது என்று நின்று கேட்டுக்கொண்டிருந்தால் நாம் பின்தங்கிவிடுவோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு மல்யுத்த வீரர் ஒரு காகிதப் பட்டையை எச்சில் தொட்டுக் கணினியின் பொத்தான் மேல் ஒட்டி, அதன் மேல் வட்ட முத்திரை குத்தினார். இனிமேல் ஆயத்தச் சான்று இல்லாமல் அந்தப் பொத்தானை யாரும் தொடக் கூடாது.

"ஆயத்தச் சான்று யாருங்க தருவாங்க?" என்று கேட்டார் இமான்குல்.

"நீங்கதான். படிவம் இதுல வருது. உங்க கம்ப்யூட்டர்லயே அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். அப்பத்தானே கம்ப்யூட்டர் வேலை செய்யுதுன்னு எங்களுக்குத் தெரியும்."

"பொத்தான்ல சீல் வச்சிருக்கீங்களே?"

"ஆமா."

"சீலைக் கிழிக்காம எப்படிங்க ஆன் பண்றது?"

"கிழிக்கவே கூடாது. கிழிச்சா மூணு வருஷம்" என்றார் ஷர்ஷேனோவிச், அன்பாக. கார் கிளம்பிப் போய்விட்டது.

மறுநாள் இமான்குல் பதினெட்டுக் கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு பக்கத்துக் கிராமத்துக்குப் போனார், அங்கே அச்சடித்துக்கொள்ளலாம் என்று. அந்த அலுவலகத்துப் பெண் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "ஐயோ பாய்கே, நான் உங்க ஊருக்குத்தான் கிளம்பிட்டிருந்தேன். எங்க கம்ப்யூட்டர்லயும் சீல்!" இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, எண்ணெயில் பொரித்த போர்சோக்கைப் பாலேட்டில் தொட்டுத் தின்று, டீ குடித்து, ஆளுக்கொரு பெருமூச்சு விட்டுப் பிரிந்தார்கள். வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

வழியைக் கண்டுபிடித்தவர் குல்பாராதான். போன் போட்டதும் சிரித்துவிட்டார். "பொத்தான் எதுக்கு பாய்கே? பின்னால இருக்கிற வயரப் புடுங்கிட்டுத் திரும்பச் சொருகுங்க. தானா எந்திரிச்சிக்கும். சீலுக்கும் ஒண்ணும் ஆகாது, சட்டத்துக்கும் ஒண்ணும் ஆகாது."

இமான்குல் பிடுங்கிச் சொருகினார். கணினி எழுந்தது. சான்று அச்சாகிப் போனது. அது மாவட்டத்தில் போய்ச் சேர்ந்ததும் இன்னொரு சிக்கல் முளைத்தது. புதிய இயங்குதளத்துக்கு எட்டு ஜிபி நினைவகம் வேண்டும். இந்தக் கணினியில் இருந்தது இரண்டு.

எட்டாம் தேதி ஆணையம் அவசரமாகக் கூடி, இரண்டு மணி நேரம் விவாதித்து, தீர்வோடு வந்தது. மூன்று பழைய கணினிகளை லாரியில் ஏற்றி வந்து, இமான்குலின் மேசையில் கணினிக்கு இடமும் வலமும் மேலேயுமாக அடுக்கினார்கள். மேசை முனகியது.

"நாலு ரெண்டு எட்டு" என்றார் ஷர்ஷேனோவிச்.

குல்பாரா மெதுவாகச் சொன்னார். "ஷர்ஷேனோவிச், இது அப்படிக் கூட்டுற கணக்கில்லீங்க. அதது உள்ளுக்குள்ள தனித்தனியா..."

"எனக்குப் பாடம் நடத்தாதம்மா. நான் பண்ணையில இருந்தப்ப ஒரு பசு எட்டு லிட்டர் கறக்கணும்னு திட்டம் வந்துச்சு. எங்க பசு ரெண்டுதான் கறந்துச்சு. நாலு பசுவ ஒரே பசுன்னு எழுதி அனுப்பிச்சேன். எனக்குப் பதக்கம் குடுத்தாங்க. அந்தப் பசுவுக்கும் ஒண்ணு குடுத்தாங்க."

ஆணையம் போன பிறகு குல்பாரா தன் கைப்பையிலிருந்து உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பச்சை நினைவகப் பட்டையை எடுத்துக் கணினிக்குள் செருகினார். தன் வீட்டுக் கணினியிலிருந்து கழற்றி வந்தது. "என் மக ஒரு மாசம் படம் பாக்காம இருக்கட்டும்" என்றார். மற்ற மூன்று கணினிகளும் எதற்கும் இணைக்கப்படாமல் அப்படியே அடுக்கில் இருந்தன. ஆணையத்தின் அறிக்கையில் அவை சிறப்பாகச் செயல்படுவதாக எழுதப்பட்டிருந்தது.

பன்னிரண்டாம் தேதி, ஒருவழியாக நிறுவல் தொடங்கியது. திரையில் ஒரு நீளமான உரை வந்தது, அடியில் இரண்டு கட்டங்கள்: ஏற்கிறேன், மறுக்கிறேன். இமான்குல் ஏற்கிறேன் மேல் அழுத்தப் போனார். ஷர்ஷேனோவிச் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு ஏத்துக்கறது? நீங்களா? நீங்க யாரு ஏத்துக்க? இது ஊர்ச் சொத்து. ஊர்தான் ஏத்துக்கணும்."

ஆக, பதின்மூன்றாம் தேதி காலை கிராம மன்றத்தில் பொது விசாரணை. அறுபத்திரண்டு பக்க ஒப்பந்தத்தைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் உரக்க வாசித்தார். முதல் பத்துப் பக்கம் வரை ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். இருபதாம் பக்கத்தில் பெண்கள் கம்பளி நூற்க ஆரம்பித்தார்கள். முப்பத்தைந்தாம் பக்கத்தில் வாத்தியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தீயணைப்பு அதிகாரி வாசித்தார். அவர் எதையும் அபாய அறிவிப்பு மாதிரிதான் வாசிப்பார் என்பதால், பொறுப்புத்துறப்பு என்ற பகுதி வந்தபோது பின்வரிசையில் இரண்டு கிழவர்கள் எழுந்து வெளியே ஓடிவிட்டார்கள்.

நடுவில் தோக்தோசுன் எழுந்தார். ஆறடி உயரம், வெயிலில் வெந்த முகம், கையில் சாட்டை.

"மரியாதைக்குரிய ஆணையத்தாரே, ஒரே ஒரு கேள்வி. இதுல எங்கயாச்சும் புல்லப் பத்திப் போட்டிருக்கா?"

ஷர்ஷேனோவிச் கலாசாரத் துறையைப் பார்த்தார். கலாசாரத் துறை தாள்களைப் புரட்டினார். "நேரடியா இல்ல."

"ஆட்டப் பத்தி?"

"நாற்பத்தொண்ணாம் பக்கத்துல மூன்றாம் தரப்புன்னு ஒண்ணு வருது. அதுல ஆடும் அடங்கலாம்."

சுப்பாகான் என்ற பால்காரம்மா கேட்டாள். "நாங்க ஏத்துக்கலன்னா என்ன ஆகும்?"

அப்படி ஒரு கேள்வியை அந்தக் கட்டடம் அதுவரை கேட்டதில்லை.

"ஏத்துப்பீங்க" என்றார் ஷர்ஷேனோவிச்.

"மறுக்கிறேன்னு ஒரு கட்டம் இருக்குன்னு சொல்றாங்களே?"

"இருக்கும்மா. ஏன் இல்லாம? அது இருக்கறதாலதான் இதுக்கு ஜனநாயகம்னு பேரு. அழுத்தறதுக்காக அத வைக்கல."

தோக்தோசுன் திரும்பி ஊரைப் பார்த்துச் சொன்னார்: "கையத் தூக்குங்கய்யா எல்லாரும். ஆடு சாகுது." எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஏகமனதாக ஏற்கப்பட்டது. நிறுவலைப் பதினேழாம் தேதி காலையில் தொடங்கி, அன்றே விழா எடுப்பது என்று முடிவாயிற்று. நாளையே ஏன் தொடங்கக் கூடாது என்று இமான்குல் கேட்டதற்கு, கோமூஸ் வாத்தியம் வாசிப்பவர்கள் பதினாறுவரை வேறு திருமணத்தில் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

தோக்தோசுன் இதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். பதினான்காம் தேதி காலையில் அறுநூற்று நாற்பது ஆடுகளை ஓட்டி வந்து கிராம அலுவலகத்தைச் சுற்றி நிறுத்திவிட்டு, வாசற்படியில் சாட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

"மச்சான், என்ன இது?" என்றார் இமான்குல் ஜன்னல் வழியாக.

"உங்க கம்ப்யூட்டருக்குப் பசிய காட்டலாம்னு. அது பாத்ததில்லல்ல."

"நான் என்ன பண்ணட்டும்? என் கையிலயா இருக்கு?"

"உன் கையில இல்ல, அவங்க கையில இல்ல, பொத்தான்லயும் இல்ல. அப்ப யார் கையிலதான்யா இருக்கு? என் தங்கச்சிய உனக்குக் கட்டிக் குடுத்தப்ப கவர்மெண்ட்ல இருக்கான்னு சொன்னாங்க. கவர்மெண்ட்டு உன்கிட்ட இருக்குன்னு நெனச்சிட்டேன்."

இமான்குலுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயைத் திறந்தார், ஒரு தாய் ஆடு ஜன்னலுக்குள் தலையை விட்டு விழா அழைப்பிதழ் ஒன்றை மெல்ல ஆரம்பித்தது. அவர் தடுக்கவில்லை. அந்த அழைப்பிதழால் முதல்முதலாக ஒரு ஜீவனுக்குப் பயன் கிடைக்கிறது என்று தோன்றியது. மூன்று நாளில் அந்த ஆடுகள் அலுவலகத்துப் பாப்ளர் மரக்கன்றுகளையும், விழாவுக்காக நட்ட பூச்செடிகளையும், வரவேற்புப் பதாகையின் கீழ்ப் பாதியையும் தின்று தீர்த்தன. பதினாறாம் தேதி இரண்டு குட்டிகள் செத்தன. தோக்தோசுன் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றோரம் புதைத்துவிட்டு வந்து, மறுபடி அதே படியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் இமான்குலிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இமான்குலுக்கு அதற்கு முந்தைய வசவே தேவலாம் போலிருந்தது.

விழாவில் ரிப்பன் வெட்டுவது வேண்டாம், அது மற்ற மாவட்டங்கள் செய்வது என்று கலாசாரத் துறை சொல்லியிருந்தார். நம் மரபுப்படி கால்நூல் அறுக்க வேண்டும். குழந்தை முதல் அடி எடுத்து வைக்கும் பருவத்தில் அதன் இரண்டு காலையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளி நூலால் கட்டி நிறுத்துவோம், மற்ற பிள்ளைகள் ஓடி வருவார்கள், முதலில் வந்தவர் கத்தியால் நூலை அறுப்பார், குழந்தை நடக்கும். புதிய இயங்குதளமும் மாவட்டத்தின் குழந்தைதானே. யாரும் மறுக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று, அதைக் கடைசி நேரத்தில் மல்யுத்த வீரர்தான் கேட்டார்: "கம்ப்யூட்டருக்குக் கால் எது?"

இதற்கு ஒரு துணைக்குழு அமைத்தார்கள். மேசைக் காலில் கட்டலாம் என்றார் ஒரு மச்சான். மேசை மரவேலைத் துறைக்குச் சொந்தம் என்றார் இன்னொரு மச்சான். கடைசியில் கலாசாரத் துறை தீர்ப்புச் சொன்னார்: "எதை நம்பி நிற்கிறதோ அதுதான் கால்." கணினி எதை நம்பி நிற்கிறது? பின்னாலிருந்து சுவருக்குப் போகும் இரண்டு வயர்களை நம்பி. ஒன்று கறுப்பு, மின்சாரத்துக்கு. இன்னொன்று ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது, வலைத்தொடர்புக்கு. இரண்டையும் சேர்த்து அழகாக முறுக்கி, அவற்றின் குறுக்கே கறுப்பு வெள்ளை நூலைச் சுற்றிக் கட்டினார்கள்.

இமான்குல் பொறுக்க முடியாமல் சொன்னார். "விழாவ நிறுவல் முடிஞ்சப்புறம் வச்சுக்கலாமே? ஓடிட்டிருக்கும்போது கத்தியோட பக்கத்துல போறது..."

"முடிஞ்சப்புறம் வச்சா அதுல என்னய்யா இருக்கு?" என்றார் ஷர்ஷேனோவிச். "குழந்தை ஓடிட்டுப் போனப்புறமா கால்நூல் அறுக்கறோம்?"

குல்பாரா திரையைக் காட்டினார். அதில் பெரிய எழுத்தில் இருந்தது: கணினியை அணைக்காதீர்கள். "ஷர்ஷேனோவிச், இங்க பாருங்க, அதுவே கெஞ்சுது."

"யாரு கையெழுத்து போட்டிருக்கா?"

"கையெழுத்தா? திரையிலங்க..."

"முத்திரை இருக்கா? தேதி, எண்? இல்லல்ல. அப்ப அது வெறும் அபிப்பிராயம்."

பதினேழாம் தேதி பகல் பதினோரு மணிக்குத் திரை எண்பத்தேழு சதவீதம் காட்டியபோது ஓட்டப்பந்தயம் தொடங்கியது. வாசல் கேட்டிலிருந்து அலுவலகக் கதவு வரை நாற்பது தப்படி. ஆணையத்தின் ஏழு உறுப்பினர்களும் ஓடினார்கள். யார் ஜெயிப்பது என்று முந்தின நாளே தீர்மானம் நிறைவேற்றியிருந்ததால், ஷர்ஷேனோவிச் தன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் வர, மற்ற ஆறு பேரும் அவருக்குப் பின்னால் வரப் பெரும்பாடு பட்டார்கள். மல்யுத்த வீரர் பழக்கதோஷத்தில் கதவை முதலில் எட்டிவிட்டார். சட்டென்று நினைவு வந்து, குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். அவர் ஷூவில் நாடா கிடையாது. ஆடுகள் இரண்டு பக்கமும் நின்று பார்த்தன.

ஷர்ஷேனோவிச் மூச்சிரைக்க உள்ளே வந்தார். படம் எடுக்கிறார்கள் என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். கலாசாரத் துறை மரப்பிடி போட்ட கத்தியை நீட்டினார். ஷர்ஷேனோவிச் குனிந்து பார்த்தார். கறுப்பும் வெள்ளையுமாக, முறுக்கிய, பருமனான, அருமையான நூல் கண்ணுக்குத் தெரிந்தது.

"நட, என் குஞ்சே!" என்று சொல்லி, ஒரே வெட்டு.

பட்டென்று ஒரு நீலப்பொறி. கல்பாக் பறந்து போய்ப் பீரோ மேல் விழுந்தது. கத்தியின் பிடி மரம் என்பதால் மாவட்டம் தன் தலைவரை இழக்கவில்லை. விளக்கு அணைந்தது. திரை அணைந்தது. கம்பளி நூல் மட்டும் ஓர் இழைகூட அறுபடாமல், வெட்டுப்பட்ட இரண்டு வயர்த் துண்டுகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே கோமூஸ்காரர்கள், வெட்டினதும் வாசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தபடி, உற்சாகமாக வாசிக்க ஆரம்பித்தார்கள்.

வயரை ஒட்டுப்போட்டு, மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தார் குல்பாரா. பொத்தானில் சீலைக் கிழித்தே அழுத்திப் பார்த்தார். இமான்குல் இடது விலாவில் தட்டினார். வலது விலாவிலும் தட்டினார். கணினி மூச்சு விடவில்லை. உள்ளே பழைய இயங்குதளமும் இல்லை, புதியதும் இல்லை. பதின்மூன்று வருஷத்து மந்தைப் பட்டியல் இல்லை. இமான்குலுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு பெட்டிக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அந்த அலுவலகத்தில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்த ஒரே ஊழியர் அதுதான்.

கதவைச் சாத்திக்கொண்டு ஆணையம் கூடியது. அச்சுப்பொறி செத்துப் போனதால் அறிக்கையைக் கையால் எழுத இமான்குலை உட்கார வைத்தார்கள்.

"எழுதுங்க" என்றார் ஷர்ஷேனோவிச். "மேம்படுத்தல் வெற்றிகரமாக முடிவடைந்தது."

"முடிஞ்சதுன்னு எழுதினா தலைநகரத்துலேர்ந்து திங்கக்கிழமை இதுக்குள்ள நுழைஞ்சு பாப்பாங்க" என்றார் குல்பாரா. "நுழையறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப எழுதுங்க, முடிவடையவில்லை."

"முடியலன்னா காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க" என்றார் இமான்குல். "ஏன் முடியலன்னு நிரப்பணும்."

ஏழு பேரும் மேசையிலிருந்த கத்தியைப் பார்த்தார்கள். கலாசாரத் துறை அதன் மேல் மெல்ல ஒரு ஃபைலை எடுத்து வைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே அறுநூற்று முப்பத்தெட்டு ஆடுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

"மேம்படுத்தல்..." என்று இழுத்தார் ஷர்ஷேனோவிச், "...தொடர்ந்து நடைபெற்று வருகிறது."

அறை முழுக்க ஒரு நிம்மதி பரவியது. தீயணைப்பு அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு நல்ல வாக்கியம்! முடியவும் இல்லை, நிற்கவும் இல்லை, யாரும் எதையும் வெட்டவும் இல்லை. இப்படி ஒரு வாக்கியத்தில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர்கள் அந்த அறையிலேயே மூன்று பேர் இருந்தார்கள்.

இமான்குல் அதை எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை வைக்கும்போது, அந்த மூன்று வாரத்துக் கோபமும் அவருக்குள் அப்படியே அடங்கிக் குளிர்ந்து போயிருந்தது. இத்தனை நாள் இவர்களிடம் நியாயத்தைக் கேட்டதுதான் தன் முட்டாள்தனம் என்று பட்டது. இவர்களுக்குக் காட்ட வேண்டியது பயத்தை.

"ஒரு சின்ன சந்தேகங்க" என்றார். "நடந்துக்கிட்டே இருந்தா சீட்டு அச்சாகாது. சீட்டு இல்லன்னா சாதிபால்தி கம்பத்தத் தூக்க மாட்டான். அவன் சொந்த அப்பனையே சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்பினவன். ஆடு நின்னுடும். எங்க மச்சான் சும்மா இருக்க மாட்டார். தலைநகரத்துக்கே ஆட்டோட போயி, ஏன் சீட்டு வரலன்னு கேப்பார். அங்கேர்ந்து ஒரு ஆளு வந்து..." அவர் ஃபைலின் ஓரத்தை ஒரு விரலால் லேசாகத் தூக்கினார். "...வயரப் பாப்பாங்க."

ஷர்ஷேனோவிச் ஃபைலைத் திரும்ப அழுத்தி மூடினார். "என்ன வேணும் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. ஒரு வரி சேத்துக்கலாமான்னுதான்."

"சொல்லுங்க."

"மேம்படுத்தல் முடிவடையும் வரை, ஆல்த்தெரெக் மந்தைகள் அனைத்துக்கும் மேய்ச்சல் சீட்டு வழங்கப்பட்டதாகவே கருதப்படும்."

"எழுது, எழுது! சீக்கிரம் எழுது!"

குல்பாரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஏழு கையெழுத்து விழுந்தது. வட்ட முத்திரை விழுந்தது. செத்த கணினிக்கு ஒரு காவலாளியும், அதன் மேல் 'வேலை நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று ஓர் அட்டையும் நியமிக்கப்பட்டன. இந்த முறை அந்த வாசகத்துக்கு முத்திரையும் எண்ணும் தேதியும் இருந்தது.

பதினெட்டாம் தேதி காலை பாலத்தில் சாதிபால்தி அந்தத் தாளை மூன்று தடவை படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது எதுவரைக்கும் செல்லும், பாய்கே?"

"மேம்படுத்தல் முடியற வரைக்கும்."

"எப்ப முடியும்?"

"நடந்துக்கிட்டிருக்கு தம்பி" என்றார் இமான்குல். "நேத்தும் நடந்துச்சு."

சாதிபால்தி கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கம்பத்தைத் தூக்கினார். தூக்கியவர், வழக்கம்போல உடனே இறக்காமல், கயிற்றால் இழுத்துத் தூணோடு சேர்த்துக் கட்டி முடிச்சும் போட்டார்.

ஆடுகள் பாலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறின. அவற்றுக்குப் பின்னால் மற்ற மந்தைகள், கூடாரக் கட்டைகள் ஏற்றிய லாரிகள், பெண்கள், நாய்கள். இந்தக் கூட்டத்தின் நட்டநடுவே ஆணையத்தின் கார் ஒன்று மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றது. ஷர்ஷேனோவிச் ஆற்றுக்கு அப்பால் அடுத்த கிராமத்துக்கு ஒரு விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். தலையில் புதுக் கல்பாக்.

தோக்தோசுன் பாலத்தின் அக்கரையில் குதிரையை நிறுத்தித் திரும்பினார். மலைக்கு ஏறுமுன் ஆசி சொல்லாமல் போகிற வழக்கம் இல்லை. அவர் இமான்குலைப் பார்த்தார். நான்கு நாளில் முதல் தடவையாகப் பார்த்தார். "மாப்ள, உன்கிட்ட கொஞ்சம் கவர்மெண்ட்டு இருக்குதுதான்யா" என்றார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முகத்துக்கு நேரே தூக்கினார். பாலத்தில் இருந்த எல்லோரும் கைகளை விரித்தார்கள். ஆசி என்று கை தூக்கிவிட்டால் நம்மில் யாருடைய கையும் சும்மா இருக்காது. காரின் கண்ணாடி இறங்கியது. ஷர்ஷேனோவிச்சின் இரண்டு கைகளும் தாமாகவே ஜன்னலுக்கு வெளியே வந்து விரிந்தன.

தோக்தோசுனின் குரல் ஆற்றுச் சத்தத்துக்கு மேல் கணீரென்று கேட்டது.

"ஆடு பெருகட்டும். புல்லு தழைக்கட்டும். இந்த மேம்படுத்தல நம்ம பிள்ளைங்களும் பாக்கட்டும், பேரப்பிள்ளைங்களும் பாக்கட்டும். ஒருநாளும் அது முடியாம இருக்கட்டும். ஓமின்!"

"ஓமின்!" என்றது பாலம் முழுவதும். எல்லோரையும்விட உரக்கச் சொல்லி, எல்லோரையும்விடப் பக்தியாக இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டவர் ஷர்ஷேனோவிச்தான்.